ஐடி இருக்குது, என்கிட்ட இல்லே

சென்னையிலிருந்து கல்கத்தா ரோட்டில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால், ஓர் இடத்தில் தமிழ்நாடு தீர்ந்துவிடும். அந்த இடத்தின் பெயர் ஆரம்பாக்கம். பெயரில்தான் ஆரம்பம். நமக்கு அது கடைசி ஊர். ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் ஊர். எனவே பெயர் வைத்த புண்ணியவானைக் குற்றம் சொல்ல முடியாது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சில மாதங்களுக்கு முன்னால், பழவேற்காடு ஏரியில் மீன்பாடு குறைந்துபோனது பற்றி எழுதுவதற்காக அந்தப் பக்கத்துக் குப்பங்களில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆரம்பாக்கம் டீக்கடையில் ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு இருக்கும்.

"சார், நீங்க பத்திரிகையா?"

"ஆமாம்ப்பா."

"ஒரு டவுட்டு சார். எனக்கு மெயில் ஐடி இருக்குது. ஆனா என்கிட்ட இல்லே. எடுத்துத் தர முடியுமா?"

வேதாந்தம் மாதிரி இருந்தது. இன்னொரு டீ சொல்லி, உட்காரவைத்து விசாரித்தேன்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர். அப்பாவுக்கு ஏரியில் தொழில். படிக்கிற காலத்தில் ஏதோ ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் மெயில் ஐடி கேட்டிருக்கிறார்கள். பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒருத்தர் இரண்டே நிமிஷத்தில் ஒன்றைச் செய்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பாஸ்வேர்டு அண்ணனுக்குத்தான் தெரியும். ஓ.டி.பி. போவதும் அண்ணனின் செல்போனுக்குத்தான். அதற்கப்புறம் போட்ட எல்லா விண்ணப்பத்திலும் பையன் அந்தச் சீட்டைப் பார்த்தே எழுதினான். நடுவில் சென்டரை மூடிவிட்டார்கள். அண்ணன் ஊரை மாற்றினார், நம்பரையும் மாற்றினார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். இவனும் இவன் சிநேகிதனும் மனுப் போட்டார்கள். சிநேகிதனுக்கு இன்டர்வியூ மெயில் வந்தது. போனான், வேலையும் கிடைத்தது. இவனுக்கும் மெயில் வந்தது. அதாவது, வந்திருக்கிறது. திறந்து பார்க்கத்தான் வழியில்லை. தேதி கடந்த பிறகு போன் போட்டால், "அனுப்பிட்டோமே தம்பி" என்கிறார்கள்.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. கடிதம் முகவரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆளுக்குப் போய்ச் சேரவில்லை.

பையனுக்கு உதவ முடிந்ததா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

இந்தப் பக்கத்தில் வழக்கமாக சினிமா, புத்தகம், டி.வி. என்று ஏதாவது ஒன்றை விமரிசனம் செய்வேன். இந்த வாரம் ஈமெயில் முகவரி. சிரிக்காதீர்கள். அதுவும் யாரோ நாலு பேர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய ஒரு வரிதான். ஒருவரிக் கவிதையை விமரிசிக்கலாம் என்றால் இதையும் விமரிசிக்கலாம். கவிதை புரியாவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. இந்த வரி தப்பாக அமைந்தால் ஒருத்தனுக்கு வேலை போகிறது.

நான் பி.காம். கம்ப்யூட்டரின் உள்ளே இருப்பது எனக்கு அத்துப்படி இல்லை. ஆனால் கணக்குப் பேரேட்டில் எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். முகவரி விவகாரமும் கிட்டத்தட்ட அதுதான். எதை எங்கே எழுதுவது, யார் பெயரில் எழுதுவது.

முதலில் ஒரு பழைய வரியைப் படித்துப் பாருங்கள்.

சென்னை!கும்மிடிப்பூண்டி!ஆரம்பாக்கம்!முருகன்

ஊரும் பேரும் நான் போட்டது. இலக்கணம் என்னுடையதல்ல. 1980களில் யூயூசிபி என்று ஒரு ஏற்பாடு இருந்தது. யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று டெலிபோன் போட்டு, சேர்ந்திருக்கும் கடிதங்களைக் கைமாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தன் அக்கம்பக்கத்து மெஷின்களை மட்டும்தான் தெரியும். ஆகவே கடிதம் எழுதுகிறவர்தான் முழு வழியையும் சொல்ல வேண்டும். சென்னையிடம் கொடு, அது கும்மிடிப்பூண்டியிடம் கொடுக்கும், அது ஆரம்பாக்கத்திடம் கொடுக்கும், அங்கே முருகன் இருப்பான். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஓர் ஆச்சரியக்குறி. நியாயமான குறிதான். கடிதம் போய்ச் சேர்ந்தால் ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்.

இந்த வரியில் என்ன கோளாறு? இது முகவரியே இல்லை. வழி சொல்வது. நம்ம ஊரில் வீட்டுக்கு வழி கேட்டால், "பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வந்தா லெஃப்ட்டு, ஸ்டேஷன்லேர்ந்து வந்தா ரைட்டு" என்று சொல்வோம் இல்லையா, அந்த மாதிரி. கேட்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து பதில் மாறும். சென்னைக்காரருக்கு முருகனின் முகவரி மேலே சொன்னது. நெல்லூர்க்காரருக்கு அதே முருகன், நெல்லூர்!சூளூர்பேட்டை!தடா!ஆரம்பாக்கம்!முருகன். ஆள் ஒருத்தன். முகவரி மட்டும் திசைக்கு ஒன்று. அந்தக் காலத்து விசிட்டிங் கார்டுகளில் இதற்கு ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த இரண்டு மூன்று பெரிய மெஷின்களின் பெயரை அடைப்புக்குள் போட்டு, "இவற்றில் எதற்காவது வந்து சேருங்கள், அங்கிருந்து வழி இது" என்று அச்சடித்தார்கள்.

நடுவில் ஒரு மெஷின் படுத்துவிட்டால் வழி அடைந்தது. வழி அடைந்தால் முகவரியே செத்தது. முருகன் குத்துக்கல்லாட்டம் ஆரம்பாக்கத்தில் உட்கார்ந்திருப்பான். நடுவில் கும்மிடிப்பூண்டி கரன்ட் போனதற்காக அவன் முகவரி இல்லாதவன் ஆவான்.

இன்னொரு தொல்லை, பெயர் மோதல். நம் கடற்கரையில் புதுக்குப்பம் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தாலுகா, மாவட்டம் சொல்லாமல் "புதுக்குப்பம் முருகன்" என்று எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்? அந்த நெட்வொர்க்கில் மெஷினுக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்தில் விட்டுவிட்டார்கள். பிறகு தன்னார்வலர்கள் உட்கார்ந்து, எந்த மெஷின் எதோடு பேசுகிறது என்று வரைபடம் போட்டார்கள். அந்த வரைபடத்தைப் படித்து வழியைக் கண்டுபிடிக்க ‘பாத்அலயாஸ்’ என்று ஒரு புரோகிராமும் வந்தது. வழி சொல்லும் வேலை மனிதன் தலையிலிருந்து இறங்கி மெஷின் தலையில் ஏறியது. பாதி நோய் தீர்ந்தது.

*

மீதி நோய், இரண்டு நெட்வொர்க்குகளை இணைத்தபோது வந்தது.

ஒரு பக்கம் நம்முடைய ஆச்சரியக்குறிக் கோஷ்டி. இன்னொரு பக்கம் அமெரிக்க அர்ப்பாநெட். அங்கே 1971லேயே ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் @ என்ற குறியைப் பிடித்துவிட்டார். ஆளின் பெயர், @, மெஷினின் பெயர். யார் பெயரிலும் வராத குறியாகப் பார்த்து எடுத்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். முருகன்@தடா. அழகான, சிக்கனமான வரி.

இந்த இரண்டு கோஷ்டிக்கும் நடுவில் கேட்வே என்று ஒரு மெஷினை வைத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் கடிதம் கைமாற்றுகிற வாசல். நம் கதைக்கு ஆரம்பாக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே கும்மிடிப்பூண்டி, வடக்கே தடா. இப்போது ஆரம்பாக்கத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. முகவரி இதுதான்:

கும்மிடிப்பூண்டி!முருகன்@தடா

போஸ்ட்மாஸ்டர் நீங்கள்தான். எந்தப் பக்கம் அனுப்புவீர்கள்?

ஆச்சரியக்குறிப் பழக்கத்தில் வளர்ந்தவர் இடப்பக்கத்திலிருந்து படிப்பார். முதலில் கும்மிடிப்பூண்டிக்குக் கொடு, அங்கிருந்து முருகன்@தடா என்று போகட்டும். ஆக, தெற்கே. @ பழக்கத்தில் வளர்ந்தவர் வலப்பக்கத்திலிருந்து படிப்பார். முதலில் தடாவுக்குக் கொடு, அங்கே கும்மிடிப்பூண்டி!முருகன் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆக, வடக்கே. ஒரே வரிதான். இரண்டு ஊர் வாத்தியார்கள் இரண்டு விதமாகச் சொல்லிக்கொடுத்த இலக்கணத்தில், ஒரே கடிதம் நேர் எதிர்த் திசைகளில் போகும். இரண்டு பேரும் அவரவர் விதிப்படி சரி.

இதைத் தமாஷுக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு மெயில் அமைப்புகளைக் கட்டிக்காத்தவர்களின் நிஜமான தலைவலி இது. தலைவலிக்கு மருந்தாக % குறியை நுழைத்தார்கள். முருகன்%குப்பம்@கேட்வே என்று எழுதினால், முதலில் கேட்வேக்குப் போ, அங்கே போனதும் % என்பதை @ ஆக மாற்றிப் படித்துக்கொள் என்று அர்த்தம். பிட்நெட் என்ற பல்கலைக்கழக நெட்வொர்க்கில் இருந்தவர்களுக்கு அர்ப்பாநெட் பக்கத்திலிருந்து இப்படித்தான் எழுதினார்கள். டெக்நெட் என்ற இன்னொரு கூட்டத்தில் மெஷின் பெயருக்குப் பின் இரட்டை முக்காற்புள்ளி, அதாவது :: போட்டார்கள்.

1989ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வழிகாட்டிப் புத்தகம் வந்தது. டொனலின் ஃப்ரே, ரிக் ஆடம்ஸ் என்ற இருவர் எழுதியது. எந்த நெட்வொர்க்கிலிருந்து எந்த நெட்வொர்க்குக்கு எப்படி முகவரி எழுதுவது என்று சொல்கிற புத்தகம். அதன் தலைப்பு என்ன தெரியுமா? !%@:: அவ்வளவுதான். நாலு கோஷ்டியின் குறிகளை வரிசையாக நிறுத்திவைத்த தலைப்பு. நிலவரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விமரிசித்திருக்க முடியாது.

இங்கிலாந்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அங்கே பல்கலைக்கழகங்களின் நெட்வொர்க்கில் முகவரியைத் தலைகீழாக எழுதினார்கள். முதலில் நாடு, பிறகு கல்லூரி, கடைசியில் துறை. கம்ப்யூட்டர் சயன்ஸ் துறை என்றால் முகவரி ‘சிஎஸ்’ என்று முடியும். மற்றவர்களுக்கோ முகவரியின் கடைசியில் இருப்பதுதான் நாடு. ‘சிஎஸ்’ என்பது அன்றைக்கு இருந்த செக்கோஸ்லோவாகியாவின் குறியீடு. கடிதம் லண்டனுக்கா, பிராகுக்கா என்று மெஷின்கள் குழம்பின.

*

நம் தேசத்துக்கு வருவோம். 1986ல் அப்போதைய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பண உதவியோடு எர்நெட் என்ற ஆராய்ச்சி நெட்வொர்க்கை ஆரம்பித்தது. ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி., பம்பாய் என்.சி.எஸ்.டி., டெல்லியில் அந்தத் துறையே, ஆக எட்டு இடங்கள். நம் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் உண்டு. என்.சி.எஸ்.டி.யின் எஸ். ரமணி இதற்கு முன்னோடிகளில் ஒருவர். 2014ல் இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். பம்பாய் என்.சி.எஸ்.டி.தான் வெளிநாட்டு வாசல். 80களின் கடைசியில் அங்கிருந்து டெலிபோன் லைன் வழியாக அமெரிக்காவின் யூயூநெட் என்ற மெஷினோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. பம்பாய் மெஷின்களில் ஒன்றுக்கு ‘சக்தி’ என்று பெயர். பெங்களூரில் ஒன்று ‘விக்யான்’. நம்மவர்கள் பெயர் வைப்பதில் சோடை போகவில்லை.

1989 மே மாதம் ‘.இன்’ என்ற நாட்டுப் பெயர் நமக்கு வந்து சேர்ந்தது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். இல்லை. அதுவரைக்கும் ஓர் இந்திய ஆராய்ச்சியாளர் வெளிநாட்டுக்காரருக்குத் தன் முகவரியைச் சொல்ல வேண்டுமென்றால், நடுவில் ஓர் அமெரிக்க மெஷினின் பெயரைச் சொல்லியாக வேண்டும். "யூயூநெட் வீட்டுக்கு அடுத்த வீடு" என்று சொல்கிற மாதிரி. ‘.இன்’ வந்த பிறகு, வழி எதுவாக இருந்தாலும் பெயர் நம்முடையது.

வழியும் பெயரும் எப்படிப் பிரிந்தன? இந்தக் கதையில் நான் மனசாரக் கைதட்டுகிற இடம் இதுதான்.

1983ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். என்ற பெயர்ப் பதிவேட்டை வடிவமைத்தார். உலகத்துப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே ஆபீஸில் ஒரே நோட்டில் எழுதிவைக்காமல், மாவட்டத்துக்கு ஒரு பதிவாளர், தாலுகாவுக்கு ஒரு பதிவாளர் என்று பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு. பொன்னேரியில் ஒரு புதுக்குப்பமும் கடலூரில் ஒரு புதுக்குப்பமும் சண்டையில்லாமல் இருக்கலாம். 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் அந்தப் பதிவேட்டில் கடிதத்துக்கென்று ஒரு விதியை விளக்கி எழுதினார். எம்.எக்ஸ். என்பார்கள். அது சொல்வது இவ்வளவுதான்: ‘ஆரம்பாக்கம்’ என்ற பெயருக்குக் கடிதம் வந்தால், இன்ன மெஷினிடம் கொடு. அது படுத்துவிட்டால், அடுத்ததாக இன்ன மெஷினிடம் கொடு.

இதனால் என்ன ஆச்சு என்று பாருங்கள். ஆரம்பாக்கத்தில் இன்டர்நெட்டே இல்லாமல் இருக்கலாம். ராத்திரி ஒரு தடவை போன் போடுகிற பழைய மெஷினாக இருக்கலாம். எழுதுகிறவருக்கு அந்தக் கவலையே வேண்டாம். முருகன்@ஆரம்பாக்கம் என்று எழுதினால் போதும். ஹைவேயில் வெள்ளமா, ரயிலில் போகட்டும். ரயிலும் இல்லையா, பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் போகட்டும். பதிவேட்டில் ஒரு வரியை மாற்றினால் சரி. ஊரின் பெயர் மாறாது.

ஆச்சரியக்குறி, சதவீதக்குறி, முக்காற்புள்ளி எல்லாம் கொஞ்ச வருஷத்தில் காணாமல் போனதற்கு இதுதான் காரணம். யாரும் சண்டை போட்டு ஜெயிக்கவில்லை. எல்லா நெட்வொர்க்கும் தன் இனத்துக்குள் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், வெளியே சொல்கிற பெயர் மட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் சம்பந்திகள் இந்த அளவுக்கு ஒத்துப்போனால் போதும்.

நம் தபால் இலாகாவை இங்கே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். ஒரே பெயரில் பல ஊர், ஒரே ஊருக்குப் பல ஸ்பெல்லிங், படிக்க முடியாத மொழி என்ற இதே தொல்லைகளுக்காக 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கரின் யோசனை. தமிழ்நாடும் கேரளாவும் 6ல் ஆரம்பிக்கும். ஆந்திராவும் கர்நாடகாவும் 5. ஆரம்பாக்கத்திலிருந்து தடா ஷேர் ஆட்டோ தூரம்தான், ஆனால் முதல் இலக்கமே மாறிவிடும். பின்கோடிலும் வழி ஒளிந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அங்கே அது செல்லும். ஏனென்றால் அனுப்புகிறவர், பிரிக்கிறவர், கொடுக்கிறவர் எல்லாம் ஒரே இலாகா. ஈமெயிலில் ஆயிரம் இலாகா.

*

இப்போது கடுமையான விமரிசனத்துக்கு வருகிறேன்.

எல்லாம் தெரிந்த சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு ஒன்று 1984ல் எக்ஸ்.400 என்று ஒரு தரத்தைக் கொண்டுவந்தது. உலகம் முழுக்க மெயில் இதுதான் ஆகப்போகிறது என்றார்கள். அதன் முகவரி ஒரு வரி அல்ல, ஒரு விண்ணப்பப் படிவம். நாடு என்ன, எந்தப் பொதுத் தபால் நிர்வாகம், எந்தத் தனியார் நிர்வாகம், எந்த நிறுவனம், சர்நேம் என்ன, கிவன்நேம் என்ன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, ஒரு சமக்குறி, ஒரு சாய்கோடு. இதை @ உள்ள முகவரியாக மாற்றுவதற்கு ஸ்டீவ் கில் என்பவர் 1986ல் தனியாக ஓர் ஆவணமே எழுத வேண்டியிருந்தது.

நமக்கு இதில் என்ன என்றால், அந்த சர்நேம் கட்டம். ஆரம்பாக்கம் முருகனுக்கு சர்நேம் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல். அதை விரித்து எழுதினால் அப்பா பெயர். சர்நேம் இடத்தில் அப்பாவைப் போட்டால், கடிதம் அப்பா பெயருக்கு வரும். ஐரோப்பியக் குடும்பத்தை மனசில் வைத்துக்கொண்டு, உலகத்துக்கே சட்டை தைத்தார்கள். எக்ஸ்.400 பொதுஜன உபயோகத்தில் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டம் சாகவில்லை. இன்றைக்கும் எந்த ஆன்லைன் விண்ணப்பத்தைத் திறந்தாலும் ‘லாஸ்ட் நேம்’ பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கண்ணை உருட்டுகிறது. எத்தனை தமிழர்கள் அங்கே புள்ளி வைத்துத் தப்பித்திருப்பார்கள்!

அடுத்து நம் சொந்த சரக்கு. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைக் கொடுத்தது. பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் சென்னைவாசிகளுக்கு அது கொடுத்த முகவரியைப் பாருங்கள்: ஜிஐஏஎஸ்எம்டி01.விஎஸ்என்எல்.நெட்.இன். நான் அப்போது காலேஜில் இருந்தேன். ஒரு விசிட்டிங் கார்டில் இதைப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், வண்டி நம்பரா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

பிரித்துப் பார்த்தால் அந்தச் சேவையின் பெயரின் நாலு முதல் எழுத்து, பிறகு எம்டி என்றால் மெட்ராஸ், பிறகு 01 என்றால் முதல் மெஷின். மக்கள் பெருகியதும் எம்டி2, எம்டி3 என்று வளர்ந்துகொண்டே போனது. எம்.எக்ஸ். வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மெஷினை மறைத்துக்கொண்டு பெயரை மட்டும் வெளியே சொல்லலாம் என்று உலகத்துக்குத் தெரிந்திருந்தது. அப்புறமும், எந்த ரேக்கில் எத்தனையாவது பெட்டியில் உங்கள் கடிதம் இருக்கிறது என்பதை முகவரியில் எழுதிக்கொடுத்தார்கள். அலமாரி நம்பரைக் கதவு நம்பர் என்று சொல்லிக்கொடுத்த மாதிரி. 1996ல் மெட்ராஸ் சென்னையானது. முகவரியில் மெட்ராஸ் அப்படியே உட்கார்ந்திருந்தது. 2002ல் வி.எஸ்.என்.எல். டாடா கைக்குப் போனது, 2008ல் பெயரும் டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆனது. ஊர் பெயர், கம்பெனி பெயர், மெஷின் நம்பர் என்று மாறக்கூடிய மூன்றையும் சேர்த்துக் கட்டினால், மாறக்கூடாத ஒரே விஷயமான மனுஷன்தான் அதில் தொங்குவான்.

நடுவில் 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலை ஆரம்பித்தார்கள். ஊர் தெரியாத, மெஷின் தெரியாத முகவரி. எந்த பிரவுசிங் சென்டரிலிருந்தும் பார்க்கலாம். காசும் இல்லை. ஜனங்கள் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. வழியிலிருந்து முகவரிக்கு விடுதலை கிடைத்தது.

ஆனால் பேரேட்டைத் திருப்பிப் பாருங்கள், அந்த முகவரி யார் சொத்து? @க்கு இந்தப் பக்கம் உங்கள் பெயர். அந்தப் பக்கம் கம்பெனியின் பெயர். நீங்கள் இருபது வருஷம் சொந்தக்காரர், வியாபாரி, பேங்க் என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சேர்த்துவைத்த பழக்கத்துக்கு எங்கள் பாடத்தில் குட்வில் என்று பெயர். அது உங்கள் உழைப்பு. வரவாகியிருப்பது அவர்கள் கணக்கில். செல்போன் நம்பரில் இந்த அநியாயத்தை 2011ல் தீர்த்தார்கள். கம்பெனியை மாற்றினாலும் நம்பரைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். மெயில் முகவரியை அப்படி எடுத்துப் போக முடியாது. சொந்தமாக ஒரு டொமைன் பெயரை வாங்கி, வருஷா வருஷம் பணம் கட்டினால் முடியும். பார்ட்ரிட்ஜின் விதி அதற்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் வலை வாங்கவே வட்டிக்குப் பணம் தேடுகிறவர்களிடம் போய் டொமைன் வாங்கு என்று நான் எப்படிச் சொல்வது?

எழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பாக்கம் என்பதை இங்கிலீஷில் நாலு விதமாக எழுதலாம். பழவேற்காட்டின் ‘ழ’வுக்கு ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங். அதனால்தான் வெள்ளைக்காரன் அதை புலிகாட் என்று ஆக்கிவிட்டுப் போனான். தபால்காரர் எப்படி எழுதினாலும் ஊகித்துக் கொண்டுவந்து கொடுப்பார். மெஷின் ஓர் எழுத்து தப்பினாலும் வேறு ஆள் என்கும். தமிழிலேயே எழுதிவிட்டால் இந்த வம்பு இல்லை. ரொம்ப காலம் அதற்கு வழியில்லை. 2010-11 வாக்கில் .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடிகிற நாட்டுப் பெயர்கள் வந்தன. 2012ல் @க்கு முன்னாலும் எந்த மொழி எழுத்தும் வரலாம் என்று தரம் வகுத்தார்கள். 2014ல் ஜிமெயில் அப்படிப்பட்ட முகவரிகளோடு கடிதம் பரிமாறத் தயார் என்றது. சட்டம் சரி. நடைமுறையில், தமிழ் முகவரியை ஒரு விண்ணப்பப் படிவத்தில் போட்டுப் பாருங்கள், ‘செல்லாத முகவரி’ என்று சிவப்பில் திட்டுகிற படிவங்கள் இன்னும் ஏராளம்.

மெயில் ஒரு வழியாகத் தேறிவிட்டது. அதன் இடத்துக்கு வந்த வாட்ஸ்அப் வகையறாக்கள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எழுத முடியாமல், அவரவர் மதில் அவரவருக்கு. ஐரோப்பிய யூனியன் 2022ல் ஒரு சட்டம் போட்டு, பெரிய மெசேஜ் கம்பெனிகள் கேட்கிற மற்றவர்களுக்கு வாசலைத் திறக்க வேண்டும் என்றது. 2024 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. உடனே பழைய கேள்வி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது: அந்தப் பக்கத்து ஆளை இந்தப் பக்கத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? போன் நம்பராலா, பெயராலா? பெயரென்றால் யார் பதிவேட்டில் உள்ள பெயர்? புதிதாக யோசிப்பவர்கள் தயவுசெய்து !%@:: புத்தகத்தின் அட்டையை மட்டுமாவது ஒருமுறை பார்த்துவிட்டு யோசிக்கட்டும்.

*

பையன் கதை பாக்கி இருக்கிறது.

பிரவுசிங் சென்டர் அண்ணனின் புது நம்பரை விசாரித்துக் கண்டுபிடித்தோம். நல்ல மனுஷர், பதறிப்போனார். ஆனால் பாஸ்வேர்டு அவருக்கே மறந்துவிட்டது. பழைய சிம் இப்போது யாரிடமோ. ஆக, அந்த முகவரி போனது போனதுதான். இன்னும் அதற்குக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கும். கடையில்லாத வீதியில் தொங்கும் தபால்பெட்டி.

யோசித்துப் பாருங்கள். அண்ணன் அன்றைக்கு எழுதிக்கொடுத்தது பார்வைக்கு நல்ல முகவரி. @ இருந்தது, பையன் பெயர் இருந்தது. ஆனால் அதற்குள் போகிற ஒரே வழி அண்ணனின் செல்போன். 80களின் அந்த ஆச்சரியக்குறி, கண்ணுக்குத் தெரியாமல் அதில் ஒளிந்திருந்தது. அண்ணன்!பையன். நடுவில் இருப்பவர் நகர்ந்தால் கடைசியில் இருப்பவர் காணாமல் போவார். உங்கள் வீட்டிலும் மகன் செய்துகொடுத்த அப்பாவின் ஐடி, ஆபீஸ் கொடுத்த ஐடி, டிராவல் ஏஜென்ட் திறந்த ஐடி என்று ஒன்றாவது இருக்கும். பேங்க், பாஸ்போர்ட், பென்ஷன் எதிலெல்லாம் அதைக் கொடுத்திருக்கிறீர்கள், ஓ.டி.பி. எந்த போனுக்குப் போகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

டீக்கடையிலேயே பையனின் சொந்த போனில், சொந்த நம்பரில், புதிதாக ஒன்று திறந்தோம். ‘லாஸ்ட் நேம்’ வந்தது. என்னைப் பார்த்தான். "அப்பா பேரைப் போடு" என்றேன். "அப்பாவுக்குன்னு நினைச்சுப்பாங்களே சார்?" என்றான். எக்ஸ்.400 போட்டவர்களுக்குத் தோன்றாத சந்தேகம். கொஞ்ச நேரம் யோசித்து இனிஷியலை மட்டும் போட்டான். படிவம் ஏற்றுக்கொண்டது.

அடுத்து பாஸ்வேர்டு. போனைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் எட்டிப் பார்க்கிறேனா என்று ஒரு பார்வை பார்த்தான். டீ வாங்கிக்கொடுத்தவன் ஆயிற்றே என்ற மரியாதையெல்லாம் அதில் இல்லை.

பிழைத்துக்கொள்வான்.